கல் குழைந்த காலம்

தமிழில் 'கல்' என்னும் சொல்லைப்போல நன்மைக்கும் தீமைக்கும் ஒருங்கே உவமையாகி நிற்கும் சொற்கள் மிகச் சிலவே. இரக்கம் அற்றவனைக் கல்நெஞ்சன் என்கிறோம். மனவுறுதி உடையவனையும் கல்லைப் போன்றவன் என்கிறோம். போரில் வீழ்ந்த மறவனுக்கு நம் முன்னோர் கல் நட்டனர்; அரசர்கள் தம் கொடைகளைக் கல்லில் வெட்டுவித்தனர். கிறிஸ்தவராகிய எங்களுக்கோ கடவுளையே கன்மலை என அழைத்து வேண்டும் வழக்கமும் உண்டு. இவ்வழக்குகள் அனைத்திற்கும் அடியில் கிடக்கும் எண்ணம் ஒன்றே. கல் அசையாதது, முன்னும் இவ்வாறே இருந்தது, பின்னும் இவ்வாறே இருக்கும் என்பதே அவ்வெண்ணம்.

இதனை எனக்குச் சிறு பருவத்திலேயே ஊட்டியவர் என் தாத்தா. அவர் திருநெல்வேலிச் சீமையிலே ஒரு சிற்றூர்ச் சபைக்கு நெடுங்காலம் உபதேசியாராய் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கோயிலின் பின்புறத்தே யானை படுத்திருப்பது போன்ற ஒரு பாறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆராதனை முடிந்தபின் சிறுவர்களாகிய எங்களை அவ்விடம் அழைத்துச் சென்று, தம் கைத்தடியால் அப்பாறையை இருமுறை தட்டி, "இது என்றைக்காவது அசைந்ததைக் கண்டீர்களா? விசுவாசம் என்றால் இப்படி இருக்கவேண்டும்" என்பார். அத்தடியின் ஓசை இன்றும் என் செவியில் உளது. என் இளமைக் கல்வியில் யான் மறவாத பாடங்கள் சிலவே. அவற்றுள் இஃது ஒன்று.

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், வேறொரு கல்லூரியில் நிலவியல் பயிலும் என் பள்ளித் தோழன் எங்கள் ஊருக்கு வந்திருந்தான். ஒருநாள் மாலை அவனை அப்பாறைக்கு அழைத்துச் சென்று, தாத்தாவின் பாடத்தையும் சற்றுப் பெருமையோடு கூறினேன். அவன் பாறையின் ஒரு பக்கத்தைக் கையால் துடைத்தான். கருமையும் வெண்மையுமாய் மாறிமாறி ஓடிய வரிகள் அங்கே மடித்துவைத்த பாயின் விளிம்புபோல் வளைந்து திரும்பிக் கிடந்தன. பல்லாண்டு கண்டும் யான் காணாத வரிகள் அவை. "தாத்தாவின் பாறை அசைந்திருக்கிறது. இவ்வரிகள் ஒருகாலத்தில் இப்படி மடிந்திருக்கவில்லை, வெம்மையிலும் நெருக்கத்திலும் குழைந்து மடிந்தன" என்றான். அவன் சொன்னது பெருங்குற்றம் ஒன்றும் அன்று. ஆயினும், என் வீட்டுப் பொருள் ஒன்றை எவரோ எடுத்துச் சென்றது போன்ற வருத்தம் எனக்கு உண்டாயிற்று.

அவனே பின்னும் கூறினான்: "நாம் கருங்கல் என்று சொல்லும் எல்லாவற்றையும் கடைக்காரர்கள் கிரானைட்டு என்றே விற்கிறார்கள். ஆனால் இது கிரானைட்டு அன்று. பலமுறை பிசையப்பட்ட மிகப் பழைய பாறை. இதிலே கதை ஒன்றன்மேல் ஒன்றாய்க் குழம்பிக் கிடக்கும். கல் எப்படிக் குழைந்தது என்பதைத் தெளிவாகப் படிக்க விரும்பினால் அயர்லாந்து நாட்டு டோனிகாலைப் பற்றிப் படி." இவ்வாறு கூறியதோடு அமையாது, விடுமுறை முடிவில், பிட்ச்சர், பெர்கர் என்னும் இருவர் 1972ஆம் ஆண்டில் டோனிகாலின் நிலவியலைப் பற்றி வெளியிட்ட பெரிய ஆங்கில நூலொன்றையும் என் கையில் கொடுத்துச் சென்றான். இலக்கணமும் இலக்கியமும் பயிலும் யான் அகராதியைத் துணைக்கொண்டு அந்நூலினுள் புகுந்தேன். அவனை மறுப்பதற்கு ஏதேனும் அகப்படும் என்பதே அன்றைய என் உள்நோக்கம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

கிரானைட்டு என்பது மூன்று பொருள்களால் பெரும்பாலும் ஆகியது. வெங்கச்சங்கல் என நம் நாட்டார் கூறும் குவார்ட்ஸ் ஒன்று. வெண்மையாகவும் இளஞ்சிவப்பாகவும் கட்டை கட்டையாய்த் தோன்றும் ஃபெல்ஸ்பார் மற்றொன்று. காக்காய்ப்பொன் என்னும் அப்பிரகம் வேறொன்று. இக்கல் எவ்வாறு பிறந்தது என்பதிலேயே அறிஞர் நெடுங்காலம் பிணங்கினர். உலகின் ஆதிக் கடல்நீரில் முதன்முதல் படிந்து இறுகியது இதுவே என்பது ஜெர்மானிய அறிஞர் வெர்னரின் வழிவந்தோர் கொள்கை. அதனை ஒப்பாத ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் ஹட்டன், 1785ஆம் ஆண்டில் கிளென் டில்ட் என்னும் பள்ளத்தாக்கிற்குச் சென்று ஆற்றுப்படுகையை ஆராய்ந்தார். அங்கே செந்நிறக் கிரானைட்டு, கரிய பழம்பாறையைப் பிளந்துகொண்டு நரம்பு நரம்பாய் ஓடியிருப்பதைக் கண்டார். பிளந்து புகுந்தது பிளக்கப்பட்டதற்குப் பிந்தியதாகவே இருத்தல் வேண்டும்; நரம்பாய் ஓடியது ஒருகால் நீர்மையாய் இருந்திருத்தல் வேண்டும். அவர் அடைந்த களிப்பைக் கண்டு, உடன் சென்ற வழிகாட்டிகள் அவர் பொன்னோ வெள்ளியோ கண்டெடுத்தார் என்று எண்ணினராம். அவருடைய நண்பர் பிளேஃபேர் இதனை எழுதிவைத்துள்ளார்.

நீர்மையாய் இருந்தது என்று கொண்டவுடனே வேறொரு வினா எழுந்தது. மலைத்தொடர்களின் அடியில் பல கிலோமீட்டர் அகலத்திற்குக் கிரானைட்டுத் திரள்கள் கிடக்கின்றன. அத்துணைப் பெரிய திரள் வந்து அமர்ந்த இடத்தில் முன்பிருந்த பாறை எங்கே போயிற்று? நிறைந்த பேருந்தில் ஒருவன் ஏறி உட்கார்ந்தால், முன்பு அங்கே இருந்தவன் எழுந்திருக்கவேண்டும். அல்லது நெருங்கி இடங்கொடுக்கவேண்டும். இவ்விடப் பிரச்சினையைத் தீர்க்கமாட்டாமல், கிரானைட்டு வெளியிலிருந்து வரவேயில்லை, பழம்பாறையே இருந்த இடத்தில் கிரானைட்டாய் மாறிவிட்டது என்று சொன்னோரும் உளர். ஆங்கில அறிஞர் எச். எச். ரீட் இக்கட்சியின் தலைவருள் ஒருவர். அவருடைய உரைகள் 1957இல் நூலாய் வந்தன. மறு ஆண்டே, 1958இல், டட்டில், போவன் என்னும் இருவர், ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் ஆகும் பொருள்களை நீரோடு சேர்த்து மிக்க அழுத்தத்தில் உருக்கிப் பார்த்த சோதனைகளை வெளியிட்டனர். மிகக் குறைந்த வெம்மையில் உருகும் கலவை எதுவோ, இயற்கையில் காணும் கிரானைட்டுகளும் பெரும்பாலும் அக்கலவையை ஒட்டியே இருந்தன. கிரானைட்டு கற்குழம்பிலிருந்து பிறந்தது என்னும் கட்சி அதனால் வலுவடைந்தது. இட வினாவோ முன்னிருந்தவாறே நின்றது.

இவ்வினாவிற்கு விடை தேடுவார்க்கு டோனிகால் ஒரு பள்ளிக்கூடம் ஆயிற்று. அஃது அயர்லாந்தின் வடமேற்கு மூலை. அட்லாண்டிக் மாகடலின் அலை மோதும் கரை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், ரீடும் பிட்ச்சரும் அவர்தம் மாணாக்கரும் அந்நாட்டின் பாறைகளைக் கோடைதோறும் நடந்து நடந்து வரைபடம் ஆக்கினர். அங்குள்ள கிரானைட்டுத் திரள்கள் 40 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முற்பட்டவை. கிரானைட்டில் பொதிந்த சிர்க்கான் என்னும் நுண்மணிகளில், யுரேனியம் ஈயமாக மாறியுள்ள அளவைக் கண்டு இக்காலத்தைக் கணிக்கின்றனர். ஐயப்பெட்டஸ் என இன்று பெயரிடப்பெற்றுள்ள ஒரு பழங்கடல் மூடுண்டு, அதன் இருகரை நிலங்களும் மோதி மலைத்தொடர் எழுந்த காலத்தின் பிற்பகுதியில் அவை வந்து அமர்ந்தன. மலைகள் தேய்ந்துபோயின, அவற்றின் அடிவயிற்றில் இருந்தவை இன்று மேகத்திற்கும் மழைக்கும் முகங்காட்டி நிற்கின்றன.

அண்டை அண்டையாய்க் கிடக்கும் அத்திரள்களுள் மூன்று, இட வினாவிற்கு மூன்று விடைகளைத் தருகின்றன. அவை மூன்றும் என்னை வியப்பில் ஆழ்த்தின.

முதலாவது ரோஸஸ். இங்கே மேலிருந்த பழம்பாறை வட்டமான ஒரு பெரும் மூடிபோல் அறுந்து கீழே அமிழ்ந்தது. அமிழ்ந்த இடத்தைக் கற்குழம்பு நிரப்பியது. இச்செயல் ஒன்றன்பின் ஒன்றாய் நிகழ்ந்தமையால் வட்டத்தினுள் வட்டமாய்க் கிரானைட்டுகள் கிடக்கின்றன. அவற்றின் எல்லைகள் கத்தியால் அறுத்தாற்போல் கூரியவை. சுற்றியுள்ள பாறை வளையவும் இல்லை; உள்ளே வந்த கல் நசுங்கவும் இல்லை. முறிந்தது, விழுந்தது, நிரம்பியது, அவ்வளவே.

இரண்டாவது ஆர்டரா. இஃது ஏறத்தாழ 8 கிலோமீட்டர் குறுக்களவு உடைய, ஒருபுறம் கூம்பிய நீர்த்துளி போன்ற வடிவினது. சுற்றிலும் உள்ள பழம்பாறை அடுக்குகள், வெள்ளத்தின் நடுவே நிற்கும் தூணைச் சுற்றி நீர்வரிகள் வளைவதுபோல, இத்திரளைத் தழுவி வளைந்துள்ளன. திரளின் உள்ளேயோ, கிரானைட்டோடு சேர்ந்து வந்த கரிய பாறைத்துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. நடுப்பகுதியில் அவை ஏறக்குறைய உருண்டைகளாய் உள்ளன. விளிம்பை நெருங்க நெருங்க, உள்ளங்கையில் வைத்துத் தட்டிய மாவுருண்டைபோல் தட்டையாகி, எல்லைக்கு இணையாய்ப் படுத்துள்ளன. ஆதியில் உருண்டை என்று கொண்டால், தட்டையான அளவைக் கொண்டு நசுக்கம் எவ்வளவு என்பதைக் கணக்கிடலாம். முதலில் வந்த குழம்பு விளிம்பில் குளிர்ந்து இறுகத் தொடங்கிய நிலையில், பின்வந்த குழம்பு நடுவிலே புகுந்து பலூனை ஊதுவதுபோல் அதனை வெளிநோக்கித் தள்ளியது என்பது இதற்குக் கூறப்பட்ட விளக்கம்.

மூன்றாவது முதன்மை டோனிகால் கிரானைட்டு. டெரிவே மலைகள் இதனால் ஆனவை. வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு ஒடுங்கிய உருவம் இதற்கு உண்டு. இதன் உள்ளே பழம்பாறையின் துண்டுகள் வரிசை வரிசையாய், தம் பழைய அடுக்குமுறை முற்றும் குலையாமல் ஓடுகின்றன. கிரானைட்டு முழுவதும் மரத்தின் நார்போல ஒருதிசை இழையோட்டம் பெற்றுள்ளது. 1982இல் டி. எச். டபிள்யூ. ஹட்டன் என்பார் (முன்கூறிய ஹட்டனின் வேறானவர்) ஒரு விளக்கம் வெளியிட்டார். மலை எழுந்த காலத்தில் நிலத்தின் இரு பகுதிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நழுவின. ஒருபுறம் நின்று நோக்குவார்க்கு மறுபுறம் இடப்பக்கம் சென்றது. அந்நழுவல் வலயம் தானே திறந்து இடங்கொடுக்க, கற்குழம்பு அங்குப் புகுந்தது. நழுவல் ஓயாமையால், புகுந்த கல்லும் இறுகும்போதே இழுபட்டது. அவர் கருத்துப்படி, இங்கே கிரானைட்டு தன் வலியால் இடம் பிடித்ததன்று. நிலம் அசைந்து இடங்கொடுத்தது. இடங்கொடுத்த அசைவே வந்த கல்லையும் வருத்தியது.

இதுவரை படித்தபின் என் மனத்தில் எழுந்த ஐயம் இது: கல் இழையோடிக் கிடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது, அது குழம்பாய் இருந்தபோது நிகழ்ந்ததா, இறுகிய பின் நிகழ்ந்ததா என்பதை எவ்வாறு அறிவது?

விடை தமிழ் மாணாக்கனுக்கு எளிதில் விளங்கக்கூடியது. பழந்தமிழ் ஊர்களின் அகழாய்வில் கிடைக்கும் பானையோடுகளில் பெயர்களும் குறிகளும் கீறப்பட்டிருத்தலை நாம் அறிவோம். அவற்றுட் சில, பானை ஈரமாய் இருக்கையில், சுடுவதற்கு முன் இடப்பட்டவை, அக்கோடுகள் வழவழப்பானவை, கரையில் மண் ஒதுங்கி நிற்கும். வேறு சில சுட்டபின் கீறியவை. அவற்றின் ஓரம் சிதைந்து துகள் உதிர்ந்திருக்கும். எழுத்து ஒன்றேயாயினும், எழுதிய காலத்தில் பானை எந்நிலையில் இருந்தது என்பதைக் கோடே சொல்லிவிடுகிறது. கிரானைட்டும் இத்தகையதே.

இதனைச் சோற்றுப்பானையால் விளக்குவேன். உலையில் அரிசி இட்டவுடன் நீர் மிகுதி. மணிகள் ஒன்றையொன்று தீண்டாமல் சுழல்கின்றன. நேரஞ்செல்ல நீர் வற்றுகிறது. மணிகள் ஒன்றையொன்று தொட்டுத் தாங்கி நிற்கின்றன. அதன்பின் அகப்பையால் அழுத்தினால் மணிகளே நசுங்குகின்றன. கற்குழம்பும் இவ்வாறே மெல்ல மெல்லப் படிகம் ஆகிறது. குழம்பு மிகுந்திருக்கும்போது அழுத்தம் வந்தால், ஃபெல்ஸ்பார்க் கட்டைகள் ஆற்றில் மிதக்கும் மரத்துண்டுகள்போல் திரும்பி ஒருதிசைப்படுகின்றன. சில இடங்களில் கூரை ஓடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தும் நிற்கின்றன. ஆயினும் அவற்றின் முனையும் விளிம்பும் பழுதுபடுவதில்லை. இடையிலே கடைசியாய் உறைந்த குவார்ட்ஸும் நலங்காமல் இருக்கும். ஒழுங்கு உண்டு, காயம் இல்லை.

கல் முற்றும் இறுகிய பின்னும் அழுத்தம் ஓயாதாயின் நிலைமை வேறு. முதலில் தளர்வது குவார்ட்ஸ். அது நாடாப்போல் நீள்கிறது. அதனினும் வலிய ஃபெல்ஸ்பார் வளைகிறது, வெடிக்கிறது, விளிம்பில் நொறுங்குகிறது. மெல்லிய தகடாய்த் தேய்த்த கல்லை நுண்நோக்கியில் வைத்தால் இவையெல்லாம் தெரியும். இத்தகைய அடையாளங்களை பாட்டர்சன், வெர்னான், டோபிஷ் என்னும் மூவர் 1989இல் தொகுத்து ஆராய்ந்து வெளியிட்டனர். கண்ணுக்குத் தெரியாத இழையோட்டத்தைக் கல்லின் காந்தத் தன்மையை அளந்து காணும் முறையும் இப்போது உண்டு. ஒரே திரளில் குழம்புக்கால ஒழுங்கும் அதன்மேல் இறுகியபின் பட்ட காயமும் ஒருங்கே காணப்படுதலும் உண்டு. அங்கே ஆராய்வோர் இரண்டு கையெழுத்துகளையும் பிரித்துப் படிக்கவேண்டும்.

அவ்வாறு படிப்பதிலும் பிணக்கு உண்டு. ஆர்டரா ஊதப்பட்டது என்னும் விளக்கம் பாடநூல்களில் ஏறியபின், 1993இல் வெர்னானும் பாட்டர்சனும் அது மிகையெனக் கூறி, ஊதிய பலூனின் காற்றைச் சற்று இறக்க முயன்றனர். அங்குள்ள இழையோட்டம் முழுவதையும் ஊதலுக்கே உரியதாக்குதல் தகாது என்பது அவர் வாதம். 2000ஆம் ஆண்டில் மாலினோவும் ஹட்டனும் திரளையும் சூழ்ந்த பாறைகளையும் மீண்டும் அளந்து, ஊதலால் உண்டான இடம் சிறிதன்று என நிறுவ முயன்றனர். நம் புலவர்கள் ஒரு பாட்டின் பாடபேதத்தைப் பற்றி வழக்கிடுதலை யான் கேட்டிருக்கிறேன். ஏட்டைத் திரும்பத் திரும்ப நோக்குவோரே அவ்வழக்கிற்கு உரியர். கல்லை நோக்குவோரிடமும் அந்நேர்மையையே கண்டேன். நண்பனை மறுக்கப் புகுந்த யான், மறுப்பதற்கு ஒன்றும் இன்றி நூலை மூடினேன்.

நிற்க. நூலை மூடிய பின்னரே என் துன்பம் தொடங்கிற்று. காலம் 40 கோடி ஆண்டு என்பது என்னை அத்துணை வருத்தவில்லை. கடவுளின் நாட்களை நம் நாட்காட்டியால் அளக்கவேண்டியதில்லை என்று எங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியரே கூறியதுண்டு. கன்மலை என்று சொல்லி ஜெபிக்கும்போதெல்லாம், விளிம்பில் நசுங்கிக் கிடந்த அக்கரிய உருண்டைகளே என் கண்முன் வந்தன. கல்லே குழைந்தது என்றால் உறுதிக்கு உவமை யாது? தாத்தா தடியால் தட்டிக் காட்டிய பாடம் பொய்யா? சில வாரங்கள் மாலை ஜெபத்திற்குச் செல்லாமல் விடுதி அறையிலேயே இருந்தேன். அதற்கு உடல்நலக் குறைவு என்று காரணமும் கூறினேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றபோது தாத்தா படுக்கையில் இருந்தார். கோயில்வரை நடக்க மருத்துவர் விடவில்லை. கைத்தடி கட்டிலின் தலைமாட்டில் சாத்தியிருந்தது. அவரிடம் இவற்றைக் கூறுவதில்லை என்று உறுதிசெய்திருந்தேன். ஆனால் முதுமையின் கண் கூரியது. மூன்றாம் நாள் மாலை, "தம்பி, நீ சாப்பாட்டு ஜெபத்தில்கூடக் கண்ணைத் திறந்துகொண்டிருக்கிறாய். என்ன நேர்ந்தது?" என்று கேட்டார். மறைக்க இயலவில்லை. பாறையின் வரிகள் தொடங்கி ஆர்டராவரை எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். சோற்றுப்பானையையும் பானையோட்டையும் அன்றுதான் முதன்முதல் உவமை கூறினேன். இக்கட்டுரைக்கு அவை அங்கிருந்து வந்தவையே.

தாத்தா சினங்கொள்வார் என்று அஞ்சினேன். அவரோ இடையிடையே கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சற்று நேரம் பேசாதிருந்து, "இறுகினபின் அழுத்தம் வந்தால் உடைந்துபோகும் என்கிறாயே, அந்தப் படிகம் அப்படியே உடைந்து கிடக்குமா?" என்றார்.

"எல்லாம் அப்படிக் கிடப்பதில்லை, தாத்தா. கல்லில் சூடு இருக்கும்வரை, நசுங்கின குவார்ட்ஸ் சிறுசிறு புதுமணிகளாகத் திரும்பவும் வளர்கிறது. அந்தப் புதுமணிகளில் பழைய நசுக்கம் இராது. ஆனால் பழைய பெரிய மணி திரும்பி வராது" என்றேன்.

அவர் சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்பு மெல்லக் கூறினார்: "உன் பெரிய அத்தையை நீ பார்த்ததில்லை. எட்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது எனக்கு வயது முப்பத்தைந்து. என் விசுவாசம் கல் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். ஓர் ஆண்டு முழுவதும் என்னால் ஜெபிக்க முடியவில்லை. சபைக்கு முன்னால் நின்று வாயால் சொல்லுவேன். உள்ளே ஒன்றும் இராது. ஒருவருக்கும் தெரியாது, உன் ஆச்சிக்கு மாத்திரம் தெரியும். அந்த ஆண்டுதான் பிள்ளைகளை அந்தப் பாறைக்குக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அந்தத் தட்டு உங்களுக்காக இல்லை, தம்பி, எனக்காகத் தட்டினது."

யான் யாது கூறுவது? அவர் கையைப் பற்றிக்கொண்டு இருந்தேன். என் வாழ்நாள் முழுதும் கேட்ட அவ்வோசையின் பொருளை அன்றுதான் அறிந்தேன்.

சற்றுப் பின் அவரே தொடர்ந்தார். "பிறகு எப்படித் திரும்பி வந்தேன் என்று எனக்கே தெரியாது. வந்தது பழையது இல்லை. சின்னச் சின்னதாக வந்தது. இன்றைக்கு ஒரு வார்த்தை, நாளைக்கு ஒரு வார்த்தை. இதை ஒரு பிரசங்கத்திலும் சொன்னதில்லை. கல்லுக்கும் இப்படி நடக்கிறது என்று அப்போது எவராவது சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்." பின்னர், "அந்தப் புத்தகம் இங்கிலீஷிலா இருக்கிறது? தமிழில் எழுதிக் கொடு. கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறேன்" என்றார்.

இக்கட்டுரை எழுந்த காரணம் அதுவே. கல்லின் வரலாற்றைக் கொண்டு வேதத்தை நிறுவவோ மறுக்கவோ யான் துணியவில்லை. அது கல்லுக்கும் நீதி அன்று, வேதத்திற்கும் நீதி அன்று. டோனிகாலின் கிரானைட்டு எங்களைப்பற்றி ஒன்றும் சொல்ல வந்ததன்று. தான் வந்த வழியையே சொல்லுகின்றது. ஆயினும் ஒன்று கூறுவேன். கல் குழைந்தது என்று கேட்டபோது, அதன் உறுதி பொய்யாயிற்று என்று யான் எண்ணினேன். அஃது என் பிழை. இன்று அதன்மேல் நிற்போரை அது தாங்குகிறது; குழைந்த காலமும், பட்ட அழுத்தமும், எந்நிலையில் பட்டது என்பதும் மறைக்கப்படாமல் அதன் உள்ளேயே உள்ளன. இவை இரண்டும் ஒருங்கே உண்மையாயிருத்தல் கூடும் என்பதை யான் நூலில் பாதியும் தாத்தாவின் கட்டிலருகே பாதியுமாகக் கற்றேன்.

விடுமுறையின் கடைசி ஞாயிறன்று தாத்தா என் தோளைப் பற்றிக்கொண்டு கோயில்வரை நடந்தார். ஆராதனை முடிந்தபின் பாறையருகே சென்றோம். சிறுவர் நால்வர் பழகிய வழக்கப்படி அங்கே வந்து நின்றனர். அவர் தடியால் தட்டவில்லை. நண்பன் துடைத்த இடத்தைத் தேடிக்கண்டு, வளைந்த அவ்வரியின்மேல் ஒரு சிறுவனின் விரலை வைத்து, மெல்ல முனையிலிருந்து முனைவரை நடத்திச் சென்றார். அவன், "இது ஏன் தாத்தா வளைஞ்சிருக்கு?" என்று கேட்டான். தாத்தா என்னைப் பார்த்தார். யான் அவனருகே குந்தியமர்ந்து, சோற்றுப்பானையிலிருந்து தொடங்கினேன்.